இருபத்தேழு பலாப்பழமும் ஒரு சவுண்டு கார்டும்

ஆனி பிறந்துவிட்டால் செபாஸ்தியான் பயந்து பயந்து கடை வாசலை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனியில்தான் பலாப்பழம் வரும்.

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் போகிற வழியில், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்பு செய்து பிழைக்கிறவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. பழத்தைக் கொண்டுவருகிற தெய்வசிகாமணிக்கும் அதே வயதுதான். அவருக்குக் கரியாலூரில், அருவிக்குப் போகிற சாலையோரம் டீக்கடை. வெள்ளிமலை பஸ்ஸில் பழத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் சுமந்து, கடை வாசலில் இறக்கி வைப்பார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு வருடா வருடம் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொல்வார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காத செபா."

இருபத்தாறு வருடங்களாக, இருபத்தாறு பழங்களுக்கு முன்னால் நின்று செபாஸ்தியானும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்: "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் மணி." அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு பெருந்தன்மை வேறு வந்து சேர்ந்துகொள்ளும். பழத்தோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனதும், மனைவி இசபெல்லா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை சுளையாக எடுத்துக் கொடுக்க, அந்தப் பெருந்தன்மை கசக்கும். ஆனாலும் சாப்பிட்டுவிடுவார். கரியாலூர் பலா அவ்வளவு இனிப்பு.

விஷயம் இதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் செபாஸ்தியான். கேட்டுக்கொண்டிருக்கிறவர் தெய்வசிகாமணி.

தொண்ணூற்றேழில் இரண்டு பேரும் சேர்ந்து கள்ளக்குறிச்சியில் வைகறை கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார்கள். ஒரு கம்ப்யூட்டர், பன்னிரண்டு நாற்காலி, இரண்டையும்விடப் பெரிய போர்டு. நைனார்பாளையத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த தெய்வசிகாமணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஒரு பித்து. சென்னையில் பழைய சாமான் கடையொன்றில் தேடிப்பிடித்து ஒரு சவுண்டு கார்டு வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்துக் கார்டு பேசாது, பாட்டை அப்படியே எடுத்து ஒலிக்கவும் செய்யாது. எண்களைக் கொடுத்தால் அதுவே சுருதி உண்டாக்கி இசைக்கும். சுருதிக்கு ஓர் எண், நீளத்துக்கு ஓர் எண். கோடு போட்ட நோட்டில் நாற்பது நாள் எண் எண்ணாக எழுதி, திறப்பு விழாவுக்கென்று தெய்வசிகாமணி சொந்தமாக ஒரு மெட்டு கட்டினார். கேட்டால் நாதஸ்வரம் மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார். ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது என்று செபாஸ்தியான் நினைத்தார், சொல்லவில்லை. நட்பின் உச்சம் அது.

விழா அன்று காலை ஆறு மணிக்கு செபாஸ்தியான் தனியாக வந்து கடையைத் திறந்தார். சத்தம் கம்மியாக இருக்கிறது, தெருவே திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று யோசித்தார். வாசலில் மைக்செட்காரர் இறக்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் கண்ணில் பட்டது. ஒயரை எடுத்துச் சொருகினார். உள்ளே போக வேண்டியதும் வெளியே வர வேண்டியதும் இடம் மாறி, ஆம்ப்ளிஃபயரின் மொத்த பலமும் அந்தச் சின்னக் கார்டுக்குள் பாய்ந்தது. டப் என்று ஒரு சத்தம். அதோடு சரி.

மனிதனை எடைபோட அதற்குப் பிந்திய ஐந்து நிமிடம் போதும். செபாஸ்தியான் பெட்டியை மூடினார். ஒயரைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். கருகல் வாசனை போக இரண்டு ஊதுவத்தி ஏற்றினார். மூன்றாவதாக ஒன்றும் ஏற்றினார், ஒரு பாதுகாப்புக்கு.

பத்து மணிக்கு, குளித்துப் புதுச் சட்டை போட்டு வந்த தெய்வசிகாமணி ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர்கள் முன்னால் பொத்தானை அமுக்கினார். பாட்டு வரவில்லை. மறுபடி அமுக்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அப்போது செபாஸ்தியான், "தொடாதன்னு சொன்னேன் இல்ல" என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்கவும் தோன்றவில்லை.

முன்வரிசையில் யாரோ, பையனுக்குக் கைராசி இல்லை என்றார். அவ்வளவுதான். தெய்வசிகாமணி அந்த வார்த்தையை எடுத்து மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் நோட்டைக்கூட எடுக்காமல் மலையேறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த மிஷினையும் தொட்டதில்லை. கடையில் மிக்சி, கிரைண்டர், லைட் சுவிட்சு எல்லாம் மனைவி செல்லியம்மாள் கைதான். ஒரு நாள் அவள் ஊருக்குப் போயிருந்தபோது வந்த டூரிஸ்டுகளுக்குச் சட்டினி இல்லாமல் சர்க்கரை தொட்டு இட்லி கொடுத்தார் என்று கேள்வி.

கம்ப்யூட்டர் சென்டர் தெய்வசிகாமணி இல்லாமலே மூன்று வருடத்தில் படுத்தது. படுக்க வைத்தவர் கைராசிக்காரரான செபாஸ்தியான்.

வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சாமியாரிடம் இதைச் சொல்வார். முதல் வருடம் பங்குச் சாமியார் பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லிவிட்டு, சிநேகிதனிடம் உண்மையைச் சொல் என்றார். பத்தையும் அங்கேயே முட்டி போட்டுச் சொல்லி முடித்தார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் சுலபமான சாமியார் கிடைப்பாரா என்று வேறு ஊர்க் கோயிலுக்குப் போனார். இந்த மாவட்டத்தில் அவர் முட்டி போடாத பாவசங்கீர்த்தனத் தொட்டி பாக்கியில்லை. எல்லாச் சாமியார்களும் சொல்லி வைத்தாற்போல் அதையேதான் சொன்னார்கள்.

போன வருடம், இருபத்தாறாவது பழத்தோடு வந்தபோது தெய்வசிகாமணி கூடுதலாக ஒரு செய்தி சொன்னார். மகள் தேவிப்ரியா தையல் படித்துவிட்டாள். வருகிற வருடம் ஆவணியில் சின்னசேலத்தில் மிஷின் போட்டுக் கடை திறக்கப் போகிறாள். முதல் மிஷின் சுவிட்சை அப்பாதான் போட வேண்டும் என்கிறாள்.

"நான் மாட்டேன்னுட்டேன். என் கை பட்டு அவ தொழிலு போயிடக்கூடாது பாரு. ரெண்டு நாளா சாப்டாம அழுவுது புள்ள."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். செபாஸ்தியானுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். டீ சாப்பிடுறியா மணி என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் பரண்மேல் ஏறி, இருபத்து மூன்று வருடத் தூசியோடு அந்தப் பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். ஒரு சொல்லைச் சொல்வதற்குப் பதிலாக, எரிந்துபோன கார்டைத் திரும்பச் செய்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். அவருடைய திட்டம் தினமும் இசபெல்லாவோடு உட்கார்ந்து பார்க்கிற சீரியல்களிலிருந்து உருவானது. மலையில் மூடுபனி. தெய்வசிகாமணி பொத்தானை அமுக்குவார். மெட்டு ஒலிக்கும். அவர் கண் கலங்கும். அந்த நேரம் பார்த்துத் தோளில் கை வைத்து உண்மையைச் சொல்ல வேண்டும். இசை நடந்துகொண்டிருக்கும்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை.

எரிந்த கார்டைப் போல ஒன்றைக் கையாலேயே செய்துகொள்கிற வழியை, வரைபடத்தோடு யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் போட்டிருந்தார். சுருதி உண்டாக்குகிற சிப்பு ஒன்று, அதற்குத் துணைச் சிப்பு ஒன்று, சத்தத்தைப் பெரிதாக்க ஒன்று, சில்லறையாக இன்னும் கொஞ்சம். சுருதிச் சிப்பு இப்போது யாரும் செய்வதில்லை. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியதைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். நாற்பது நாள் கழித்து மூன்று வந்தன. இரண்டு சிப்புகளில் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடித்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் 'உண்மை நகல்' என்று ஸ்டாம்பு செய்து கொடுக்கிறவருக்குப் போலி முத்திரையில் சிப்பு வந்தது நியாயம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் அசல்.

அடுத்தது, சிப்புகளைப் பொருத்துகிற போர்டு. வரைபடத்தை வழுவழுப்பான காகிதத்தில் அச்செடுத்து, செப்புத் தகட்டின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கறுப்பு மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதை அமிலக் கரைசலில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்து, மையிருக்கும் கோடுகள் மட்டும் மிஞ்சும். இசபெல்லாவின் இஸ்திரிப் பெட்டி, இசபெல்லாவின் பிளாஸ்டிக் பேசின், இசபெல்லாவின் பொறுமை என்று மூன்றையும் பாழாக்கி மூன்று வாரத்தில் போர்டு தயாரானது. கோடுகள் முடி மாதிரி மெல்லியவை, ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. தன்னை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டார்.

சிப்பை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, போர்டு முழுவதும் இடவலம் மாறி இருந்தது. இந்தப் பக்கம் இருக்க வேண்டிய கால் அந்தப் பக்கம்.

இணையத்தில் போட்டிருந்தவர் வரைபடத்தை ஏற்கனவே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பித்தான் கொடுத்திருந்தார், தேய்க்கும்போது நேராகிவிடும் என்று. ஆனால் ஸ்டாம்புக்காரர் கைக்கு இருபது வருடமாக ஒரே பழக்கம். எழுத்தைத் திருப்பிப் போட்டால்தான் தாளில் நேராக விழும். எந்தப் படம் கணினியில் வந்தாலும் யோசிக்காமல் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட்டுத்தான் அச்சுக்கே அனுப்புவார். மாவட்டம் பிரிந்த வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஸ்டாம்பு மாற்றியபோது, ஊர்ப் பெயர்களையெல்லாம் அந்தக் கைதான் திருப்பிப் போட்டது. அதே தட்டை இதற்கும் தட்டியிருந்தது. உலகத்தில் வேறு எந்த மடையனும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, இதற்குத் தனித் தொழில் அனுபவம் வேண்டும்.

அந்தப் போர்டை இசபெல்லா சாம்பார்ச் சட்டிக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் கேட்டாள், யாருக்காக இந்தப் பாடு என்று. செபாஸ்தியான் முதல்முறையாக ஒரு மனித உயிரிடம், திரையில்லாமல், சொன்னார். அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அத்தனை வருடமும் தான் உரித்த பழங்களை நினைத்தாள் போலிருக்கிறது.

"ஏங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுக்கு, மாசக் கணக்குல ஈயத்த உருக்கிக்கினு கெடக்குறீங்களே. அந்த அண்ணன் சாமி மாதிரி. நீங்க இன்னா மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன்."

சென்னையிலிருந்து போனில் பேசிய மகள் நான்சி வேறு விதமாகக் குத்தினாள். அந்தக் கார்டு மாதிரியே சத்தம் போடுகிற மென்பொருள் சும்மாவே கிடைக்கிறது, எண்களை அனுப்பினால் சாப்பாட்டு வேளைக்குள் போனிலேயே பாட்டை வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். எரிந்தது கார்டு, அதனால் கார்டுதான் வேண்டும் என்று செபாஸ்தியான் கோபமாகச் சொன்னார். சத்தியவான் மாதிரி இருந்தது குரல்.

இரண்டாவது போர்டு நேராக வந்தது. ஈயம் வைத்து, சோதித்து, நோட்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்து முடிக்க வைகாசி ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பொத்தானை அமுக்கினார். ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி இருபத்தேழு வருடம் கழித்துக் கத்தியது. செபாஸ்தியான் பேசின் பக்கம் திரும்பி நின்று அழுதார். தொடர்ந்து ஒன்பது தடவை போட்டுப் பார்த்தார். ஒன்பது தடவையும் பாடியது.

இந்த வருடப் பழம் மலையிறங்குமுன் முந்திக்கொள்ள வேண்டும். ஆனி முதல் வாரத்திலேயே பெட்டியைச் சாக்கில் கட்டி, பானை மாதிரி கனக்கிற பழைய மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் போர்வைக்குள் எட்டிப் பார்த்து, இலவச டிவியா என்று கேட்டாள். ஆமாம் என்றார். இனிமேல் பொய்யே சொல்வதில்லை என்று கச்சிராயபாளையம் தாண்டும்போதுதான் சபதம் எடுத்திருந்தார். மலை வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டி ஒரு பக்கம், மானிட்டர் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று போய்த் திரும்பின.

கரியாலூரில் மூடுபனி இல்லை. நல்ல வெயில். தெய்வசிகாமணி டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சாக்கைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு இரண்டடி பின்வாங்கினார். செபாஸ்தியான் மேசையில் எல்லாவற்றையும் வைத்து ஒயர்களை மாட்டினார். செல்லியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நோட்டைப் பிரித்துக் காட்டியதும் தெய்வசிகாமணி தன் பழைய கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பொத்தானை அமுக்கு என்றால் மட்டும் மாட்டேன் என்றார். மூன்று முறை மாட்டேன் என்றார். சீரியல் வேகத்தில் இருந்த செபாஸ்தியான் அவருடைய விரலைப் பிடித்துத் தானே பொத்தானில் வைத்து அழுத்தினார்.

திரையில் எண்கள் ஓடின. சத்தம் இல்லை.

மறுபடி அழுத்த வைத்தார். எண்கள் ஓடின. சாலையில் ஒரு வேன் ஹாரன் அடித்துப் போனது. அதைத் தவிர வேறு ஓசை இல்லை.

தெய்வசிகாமணி மெதுவாகத் தன் விரலை உருவிக்கொண்டார். கோபமில்லை, ஆச்சரியம்கூட இல்லை. "நான் சொன்னேன் இல்ல செபா. இன்னாத்துக்கு என் கைய..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அந்தக் கையை வேட்டியில் துடைத்தார், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல.

திரும்பவும் அதே காட்சி. அதே பெட்டி, அதே மௌனம், அதே முகம். செய்ய வேண்டிய வேலையெல்லாம் செய்து, ஊரையே கூட்டாத குறையாகக் கொண்டுவந்து, அந்த மனிதரை இரண்டாவது முறையும் அதே பள்ளத்தில் தள்ளியாகிவிட்டது. இசை இல்லை, பனி இல்லை, தோளில் வைக்கக் கையும் எழும்பவில்லை. செபாஸ்தியான் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான்" என்றார்.

"இன்னா நீதான்?"

"அன்னிக்கி கார்ட எரிச்சது நான்தான் மணி. காலையில ஆறு மணிக்கி. மைக்செட் ஒயர மாத்திச் சொருகிட்டேன். நீ தொடறதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சி. தெரிஞ்சேதான் உன்னிய அமுக்க வுட்டேன். உன் கையில ஒண்ணும் இல்ல."

செல்லியம்மாள் அடுப்பை அணைத்தாள். தெய்வசிகாமணி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் பேசினார்.

"ஊதுவத்தி வாசன வந்திச்சி. சாமிக்கி ஏத்திக்கிறான், நல்ல மனசுன்னு நெனச்சேன்."

அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது செபாஸ்தியானுக்கு. தெய்வசிகாமணி எழுந்து கடைக்குள் போனார். பிறகு உள்ளேயிருந்து மிக்சி அலறியது. செல்லியம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். மிக்சி நின்றது. மறுபடி அலறியது. மறுபடி நின்றது, மறுபடி அலறியது. உள்ளே எதையும் அரைக்கிற சத்தமாக அது இல்லை, சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிற சத்தம். நாலாவது தடவை தேங்காய் விழுகிற ஓசை கேட்டது, கூடவே மூடி பறக்கிற ஓசையும்.

வெளியே வந்தபோது அவர் சட்டை, மீசை, புருவமெல்லாம் சட்டினி. செல்லியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தெய்வசிகாமணி செபாஸ்தியான் பக்கம் பார்க்கவில்லை.

"பொட்டியத் தொற" என்றார். "இன்னா கோளாறுன்னு பாப்போம்."

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்தார்கள். வளைவுகளில் குலுங்கியதில், ஈயம் வைக்காமல் சொருகி மட்டும் வைத்திருந்த சுருதிச் சிப்பு ஒரு பக்கமாக மேலே எழும்பி, தன் இடத்தில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தது. செபாஸ்தியான் கையை நீட்டினார். தெய்வசிகாமணி அந்தக் கையைத் தட்டிவிட்டார். இருபத்தாறு வருடமாக டீத்தூள் டப்பா மூடியை அழுத்திய பெருவிரலால் சிப்பை அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. அவரே சுவிட்சைப் போட்டார், அவரே பொத்தானை அமுக்கினார்.

ஆட்டுக்குட்டி கத்த ஆரம்பித்தது. அருவிக்குப் போகிற இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தெய்வசிகாமணி தலையைச் சாய்த்துக் கடைசி எண் வரை கேட்டார்.

"இவ்ளோ கேவலமாவா இருந்திச்சி?"

"அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன்" என்றார் செபாஸ்தியான்.

"நீ எதத்தான் அப்பவே சொன்ன?"

தெய்வசிகாமணி நோட்டை இழுத்து விரல் வைத்து எண்களோடு மறுபடி ஒருமுறை கேட்டார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. இங்கே ஏழு என்று எழுதியிருக்கிறேன், இது ஒன்று என்று பாடுகிறது, அடித்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் செபாஸ்தியான். இந்தத் தடவை அது தும்மல் மாதிரி தானாக வந்தது.

மன்னித்தேன் என்று தெய்வசிகாமணி சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் வரும்வரை முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஏழு என்ற எண்ணை அடிப்பது எப்படி என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒற்றை விரலால் தானே திருத்தினார். பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்றார். ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று செல்லியம்மாளைக் கேட்டார், மகளுக்குப் போன் போடு என்றார், பிறகு வேண்டாம் என்று போனைத் தானே வாங்கி, எண்களைத் தடவித் தடவி அமுக்கினார்.

பஸ் வந்ததும் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பழத்தைத் தூக்கி வந்து செபாஸ்தியானின் கையில் வைத்தார். பெரிய பழம். தோளில் ஏற்றிவிடவில்லை. மனசுல வச்சிக்காத என்றும் இந்த வருடம் சொல்லவில்லை.

"நீயே தூக்கிக்கினு போ" என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை செபாஸ்தியான் அதைச் சுமந்துகொண்டு நடந்தார். முள் தோளில் குத்தியது. இருபத்தாறு வருடமாக அது இவ்வளவு கனமென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.